பல் கிளினிக்குக்குப் பகுதிநேர சி.ஓ.ஓ. (அன்றாட நிர்வாகத்தைப் பார்க்கும் அதிகாரி) தேவையா?

பாளை டாக்டர்:
பாளையங்கோட்டையில் நோயாளியை உட்காரவைத்துச் சிகிச்சை செய்யும் சேர் மூன்று வைத்த கிளினிக் என்னுடையது. பத்து மணிக்கு வரச் சொன்னவர் பதினொன்றரை வரை உட்கார்ந்திருக்கிறார். வேர் சிகிச்சையில் முதல் தடவையோடு வலி நின்றுவிட்டால் பாதிப் பேர் திரும்புவதில்லை. மதுரையில் ஒருவர் நான்கைந்து கிளினிக்குகளுக்குச் சேர்த்து நிர்வாகம் பார்க்கிறார். மாதம் இரண்டு நாள் நேரில் வருவார், மற்ற நாள் போனில். 40,000 கேட்கிறார். வைக்கலாமா?

சமாதானபுரம் ஆடிட்டர்:
வேண்டாம் டாக்டர். அவர் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் என்றால் 18 சதவீதம் சேர்ந்து 47,200 ஆகும். அழகுக்குச் செய்வதை விட்டால் பல் சிகிச்சைக்கு வரிவிலக்கு இருப்பதால் அந்த 7,200-ஐ நீங்கள் திரும்ப எடுக்க முடியாது, முழுதும் கைக்காசு. மதுரையில் இருப்பவருக்கு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிற நோயாளியின் அவசரம் எப்படித் தெரியும்?

அம்பை பல்மருத்துவர்:
நான் எட்டு மாதம் வைத்திருந்தேன், அண்ணாச்சி. வந்த அம்மா முதல் நாள் ஒரு யோசனையும் சொல்லவில்லை. ஒரு நோட்டோடு வரவேற்பில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு வந்தார், எப்போது சேரில் ஏறினார் என்று எழுதிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் பார்த்தால் ஆட்கள் காத்திருந்த நேரத்திலேயே ஒரு சேர் காலியாகக் கிடந்திருக்கிறது. காரணம் ஹேண்ட்பீஸ், பல்லைக் குடைகிற கைக்கருவி. என்னிடம் மூன்றுதான் இருந்தன. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் கிருமி நீக்க ஆட்டோகிளேவ் என்கிற நீராவி மெஷினில் வைக்க வேண்டும். அதில் 134 டிகிரியில் நிற்க வேண்டியது சில நிமிடம்தான். ஆனால் சூடேறி, காய்ந்து, ஆறி வெளியே வர முக்கால் மணி நேரம் ஆகிவிடும். நானோ இன்னொரு சேர் வாங்க பேங்கில் லோன் கேட்டுக்கொண்டிருந்தேன்! நான்கு ஹேண்ட்பீஸ் வாங்கியதோடு அந்தக் கதை முடிந்தது. அப்புறம், லேபிலிருந்து கேப் (பல்லுக்கு மேல் மாட்டும் உறை) கைக்கு வந்த பிறகுதான் நோயாளிக்குத் தேதி கொடுப்பது என்று மாற்றினோம். வேர் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களுக்கு வாரம் ஒரு நாள் போன்.

சமாதானபுரம் ஆடிட்டர்:
மேடம், ஹேண்ட்பீஸ் போதவில்லை என்று உங்கள் நர்ஸுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அம்பை பல்மருத்துவர்:
தெரியும். இரண்டு தடவை சொல்லியும் இருக்கிறார், நான்தான் காதில் வாங்கவில்லை. காசு கொடுத்துக் கேட்டபோது காதில் விழுந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

வள்ளியூர்க்காரன்:
நோயாளி பக்கமும் கேளுங்கள். கோயில் கொடைக்கு மும்பையிலிருந்து வந்த என் மச்சானைப் பல்வலி என்று ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். பெயர் வேண்டாம். டாக்டர் வாயைப் பார்க்கும் முன்பே கோட் போட்ட ஒருவர் நான்கு கேப்புக்கு பேக்கேஜ் பேசினார். மேனேஜர் வந்த பிறகு மாத டார்கெட்டாம். கடைசியில் சொத்தை ஒரு பல்லில்தான்.

அம்பை பல்மருத்துவர்:
அதனால்தான் வசூலில் சதவீதம் பேசக் கூடாது என்கிறேன். மாதம் இவ்வளவு, அவ்வளவுதான். நோயாளியை அனுப்புகிறவருக்குக் கமிஷன் கொடுப்பதைப் பல்மருத்துவர்களுக்கான 2014 நெறிமுறை விதிகளே தடுக்கின்றன. ஆள் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பாளை டாக்டர்:
சரி, அதிகாரம் எதுவரை கொடுத்தீர்கள்?

அம்பை பல்மருத்துவர்:
ஊழியர் லீவு, லேப் பில், 5,000 ரூபாய் வரை சாமான். சிகிச்சையில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. எக்ஸ்ரே மெஷினுக்கான அணுசக்தி ஒழுங்குமுறை வாரியப் பதிவு, மருத்துவக் கழிவு எல்லாம் உங்கள் பொறுப்புதான். நாளைக்குக் கேள்வி வந்தால் மதுரைக்காரர் வந்து நிற்கமாட்டார்.

சமாதானபுரம் ஆடிட்டர்:
நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வரவேற்பில் இருக்கிறவருக்கு 5,000 கூட்டிக் கொடுத்து, இதே அதிகாரத்தைக் கொடுத்து, அதே நோட்டையும் கொடுங்கள். மூன்று மாதம் பாருங்கள். தேறவில்லை என்றால் மதுரைக்குப் போன் போடலாம்.

பாளை டாக்டர்:
இப்போதுதான் எங்கள் வரவேற்பு அக்காவிடம் ஹேண்ட்பீஸ் எத்தனை என்று கேட்டேன். ஐந்தாம். அதில் இரண்டு ரிப்பேருக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறதாம். "நீங்க கேக்கவே இல்லையே டாக்டர்" என்கிறார்.

வள்ளியூர்க்காரன்:
முதலில் அந்த அக்காவுக்குச் சம்பளத்தைக் கூட்டுங்கள்.