"எத்தனை வாட் தம்பி?"

பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டில் நடந்தது. 12 வோல்ட் அடாப்டர் ஒன்றில் லோடு ஏற்றினால் எவ்வளவு வோல்ட் இறங்குகிறது என்று பார்க்க ஆசை. 100 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) போட்டால் 0.12 ஆம்பியர் ஓடும் என்று நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டு, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் "எத்தனை வாட் தம்பி?" என்றார். ரெசிஸ்டருக்கு ஓம்தானே, வாட் எங்கிருந்து வந்தது? "சாதாரணமா இருக்கறதையே குடுங்கண்ணே" என்றேன். கால் வாட் கொடுத்தார்.

அறைக்கு வந்து மாட்டிய கொஞ்ச நேரத்தில் பழுப்பு, கறுப்பு, பழுப்பு வளையங்கள் எல்லாம் ஒரே கருப்பாகிப் புகை வந்தது. தொட்ட விரலில் கொப்புளம். அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்: வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுக்க வேண்டும்; 144-ஐ 100-ஆல் வகுத்தால் 1.44 வாட். தாங்குவதைப் போல் கிட்டத்தட்ட ஆறு மடங்கு ஏற்றியிருக்கிறேன்.

அந்தச் சூத்திரம் பிளஸ் டூவிலேயே தெரியும். ஆனால் லேபில் எங்களுக்கு ரெசிஸ்டன்ஸ் பாக்ஸ்தான். பித்தளைச் சாவியை உருவினால் ஓம் வரும். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் எவ்வளவு தாங்கும் என்று நாங்களும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. அறிவியல் படித்தவனுக்குக் கைவேலை வராது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒரு பொருள் எதுவரை தாங்கும், எவ்வளவு கூடுதலாக விட்டு வாங்க வேண்டும் என்ற கேள்வியே எங்கள் பாடத்தில் இல்லையே! மறுநாள் அதே கடையில் 5 வாட் வாங்கினேன், வெள்ளை சிமென்ட் கட்டி மாதிரி இருந்தது.

* * *

மேலே எழுதியவருக்கு ரெசிஸ்டரில் கிடைத்த இதே பாடம் எனக்கு ஆலையில் கிடைத்தது. எம்.எஸ்சி. வேதியியல் முடித்து மருந்து மூலப்பொருள் செய்யும் இடத்தில் சேர்ந்திருந்தேன். ஐஸில் வைத்த 100 மில்லி குடுவையில், அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டுச் செய்த, சூடு கிளப்பும் வினையை 100 லிட்டர் ரியாக்டருக்கு (வினை நடக்கும் பெரிய கலனுக்கு) மாற்ற வேண்டும். அளவுகளை எல்லாம் ஆயிரத்தால் பெருக்கினேன், அரை மணியை அப்படியே விட்டுவிட்டேன்.

ஆபரேட்டர் அண்ணன் தாளைப் பார்த்துவிட்டு, "இந்தச் சூட்டை எப்படி வெளியே எடுப்பீங்க மேடம்?" என்றார். கொள்ளளவு ஆயிரம் மடங்கு கூடினால் சுவரின் பரப்பு நூறு மடங்குதான் கூடும். ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் குளிர்ந்த சுவர் பத்தில் ஒரு பங்காகிவிடும். அவர் கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். ஊற்றும் நேரத்தை ஐந்து மணியாக்கி, கலனைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் உறையான ஜாக்கெட்டின் வெப்பநிலையைப் பார்த்துப் பார்த்துச் செய்தோம்.

* * *

பிளஸ் டூ இயற்பியல் ஆசிரியர் நான். மேலே உள்ள இரண்டையும் படித்துவிட்டு இன்று வகுப்புக்குப் பழைய மின்விசிறிக் கெப்பாசிட்டர் (மின்தேக்கி) ஒன்றை எடுத்துப்போனேன். 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் ஏ.சி. என்று போட்டிருந்தது. "வீட்டில் வருவது 230 தானே, எதுக்கு 440?" என்றேன்.

ஒரு மாணவி எழுந்து, "230 ஆர்.எம்.எஸ். சார், உச்சம் 325" என்றாள். ஆர்.எம்.எஸ். என்பது ஏறி இறங்கும் ஏ.சி. வோல்ட்டின் ஒருவகைச் சராசரி. நல்ல பதில். ஆனால் அந்த 440-ம் ஆர்.எம்.எஸ்.தான். விசிறியின் துணைச் சுருளோடு சேரும்போது கெப்பாசிட்டரின் மேல் சப்ளையைவிடக் கூடுதல் வோல்ட் விழும் என்று சொல்லி, படம் போடுவதற்குள் மணி அடித்துவிட்டது. வீட்டில் ஓடாத விசிறி ஒன்று கிடக்கிறதாம், நாளைக்குக் கொண்டுவருவதாகப் பின்வரிசைப் பையன் சொல்லியிருக்கிறான்.