நாணலும் நாரும் இருந்தால் போதுமா? பிலிப்பைன்ஸ் கலை பற்றி ஒரு விவாதம்

கோணல்கோடு:
பிலிப்பைன்ஸின் சமகாலக் கலை பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். மூங்கில், நாணல், அபாக்கா நார், அன்னாசி நார், மண். எண்ணெய் வண்ணத்தையும் கேன்வாஸையும் விட்டுவிட்டு ஊர்ப் பொருளைக் கையில் எடுத்தாலே அது காலனியத்துக்கு எதிரான கலை ஆகிவிடுமாம்.

மணிலாவில் தேங்காய் மாளிகை என்று ஒன்று இருக்கிறது. சர்வாதிகாரி மார்க்கோஸின் ஆட்சியில் அவர் மனைவி இமெல்டா கட்ட வைத்தது. தென்னை மரம், கொட்டாங்குச்சி என்று எங்கு பார்த்தாலும் உள்ளூர்ச் சரக்கு. 101 கொட்டாங்குச்சிகளில் ஒரு சரவிளக்கு வேறு. 1981இல் போப் இரண்டாம் ஜான் பால் வந்தபோது அவரை அங்கே தங்க வைக்கப் பார்த்தார்கள். நாடு இருக்கும் நிலையில் இவ்வளவு ஆடம்பரமா என்று அவர் மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். பொருள் உள்ளூர் என்பதற்காக இதையும் மக்கள் கலை என்பீர்களா?

இலவங்காடு:
நல்ல உதாரணம்தான், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்த மாளிகை இருக்கும் அதே வளாகத்தில், பிலிப்பைன்ஸ் பண்பாட்டு மையத்தின் திடலில், 1989இல் ராபர்ட்டோ வில்லானுவேவா என்ற கலைஞர் ஒரு பெரிய சுழல்பாதை கட்டினார். சுவர் முழுக்க ரூனோ. நாட்டின் வடக்கே உள்ள கார்டில்லேரா மலைச் சரிவுகளில் ஆளுயரத்துக்கு மேல் வளரும் நாணல் வகைப் புல் அது. உள்ளே நடந்து போனால் நடுவில் சடங்குக்கான வட்டமான இடம்.

ரூனோ அந்த மலையில் வெறும் புல் இல்லை. அதன் நுனியை முடிச்சுப் போட்டு வயலோரத்திலோ வீட்டு வாசலிலோ நட்டு வைத்தால் 'உள்ளே வராதே' என்று அர்த்தம். அதற்கு 'புடோங்' என்று பெயர். ஊரே மதிக்கும். அப்படிப்பட்ட புல்லைக் கொண்டுவந்து தலைநகரத்தின் கான்கிரீட் கட்டடத்துக்கு முன்னால் நட்டு, எல்லாரும் உள்ளே வாருங்கள் என்று வழி திறந்து வைத்திருக்கிறார். கொட்டாங்குச்சி விளக்கில் இப்படி ஏதாவது நடக்கிறதா? அங்கே பொருள் அலங்காரம், இங்கே பொருள் பேசுகிறது.

கோணல்கோடு:
அந்தக் கான்கிரீட் கட்டடத்தின் சுவரிலும் கடற்சிப்பியை உடைத்துக் கலந்திருக்கிறார்கள், தெரியுமா? அதுவும் உள்ளூர்ப் பொருள்தான்! சரி, அதை விடுங்கள்.

வில்லானுவேவா அந்த மலையின் பழங்குடிகளான இகொரோட் மக்களில் பிறந்தவர் அல்ல. அங்குள்ள பாகியோ நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தவர். மலை மக்களின் புல்லையும் சடங்கையும் எடுத்து மணிலாவின் பெரிய மனிதர்கள் முன்னால் வைத்தார். பெயர் அவருக்கு. இதை நான் கேட்டால் மட்டும் குதர்க்கமா?

மண்வாசி:
குதர்க்கம் இல்லை, அவசரம். 1987இல் பாகியோ கலைக் கழகத்தைத் தொடங்கியவர்களில் எல்லா வகையினரும் உண்டு. சாண்டியாகோ போஸே அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், வில்லானுவேவா வந்து சேர்ந்தவர். இரண்டு பேரும் மூங்கிலையும் கல்லையும் மண்ணையும் கையாண்டார்கள். பிறப்புச் சான்றிதழ் பார்த்துத்தான் நாணலைத் தொட விடுவீர்களா?

இன்னொன்று. வில்லானுவேவாவின் வேலைகள் நிலைத்து நிற்கச் செய்யப்பட்டவை அல்ல. 1993இல் பிரிஸ்பேனில் ஆசிய பசிபிக் கண்காட்சியில் தரையில் மனித உருவில் குழி தோண்டி, களிமண்ணை அந்தக் குழியிலேயே சுட்டார். தலைப்பு 'அகந்தையின் கல்லறை'. விற்க முடியாது, வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. பெயர் சம்பாதிக்க வந்தவர் செய்கிற வேலையா இது?

கோணல்கோடு:
புகைப்படம் இருக்கிறதே. கலைச்சந்தையில் இன்று அதுவே போதும்.

வெட்டிப்பேச்சு:
மழைக்காலத்து ஈரமும் கரையானும் சேர்ந்தால் பிலிப்பைன்ஸில் எல்லாக் கலையும் தற்காலிகக் கலைதான். மூங்கில் உளுத்துப் போவதற்குத் தத்துவ விளக்கம் தேவையா என்ன :)

இலவங்காடு:
@வெட்டிப்பேச்சு சிரித்துவிட்டேன். ஆனால் சிற்பி ஜுன்யீயைப் பாருங்கள். 80களின் தொடக்கத்தில் காய்ந்த இலவங்காய்களை வைத்து ஒரு கூடமே நிறைத்தார். நம் இலவம் பஞ்சு மரத்தின் காய்தான். காய் வெடித்துப் பஞ்சு பறந்தபின் மிஞ்சும் ஓடு, படகு மாதிரி வளைந்திருக்கும். அதைச் சுவரிலும் மூலையிலும் பூச்சிப் படைபோல ஊர்ந்து போக விட்டார். கிளி காத்து ஏமாந்த காயில் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்குப் பட்டது.

2007இல் அதே பண்பாட்டு மையத்தின் புல்வெளியில் 'அங்குட்' என்ற வேலை. காட்டில் திருட்டு மரம் வெட்டுகிறவர்கள் தடியின் நுனியை அறுத்து எறிந்துவிட்டுப் போவார்கள். அந்தத் துண்டுக்குத்தான் அங்குட் என்று பெயர். அவற்றைப் பொறுக்கி வந்து திடல் நிறைய நிறுத்தினார். பார்க்கிறவன் அழிந்த காட்டின் நடுவில் நிற்கிறான். அதே வேலையைப் பிளாஸ்டரில் செய்திருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? பொருள்தான் சாட்சி.

கோணல்கோடு:
அங்குட் விஷயத்தில் மறுப்பில்லை. அது குற்றம் நடந்த இடத்திலிருந்து வந்த தடயம். ஆனால் நீங்களே என் கட்சிக்குத்தான் பேசுகிறீர்கள். அங்கே முக்கியம் 'உள்ளூர்' என்பது இல்லை, அந்த மரத்துக்கு என்ன நடந்தது என்பது.

தறிக்காரன்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நாணல் நட்டவர், காய் அடுக்கியவர், குழி தோண்டியவர் என்று எல்லாருமே கண்காட்சி வைத்தவர்கள். துணியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

தெற்கே மிண்டனாவோ தீவில் செபு ஏரிப் பக்கம் டிபோலி பழங்குடிப் பெண்கள் நெய்யும் டினாலக் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். அபாக்கா என்பது வாழைக்கு உறவுக்காரச் செடி. மட்டையிலிருந்து நாரை உரித்து, காயவைத்து, இழை இழையாகப் பிரித்து, நுனியோடு நுனி முடிந்துதான் நூலாக்க வேண்டும். நாங்கள் தறியில் பாவு பிணைப்பதே கண் வலிக்கும் வேலை. அங்கே துணி முழுக்க முடிச்சு. அப்புறம் பாவைச் சட்டத்தில் விரித்து, சாயம் ஏறக்கூடாத இடங்களைக் கட்டி, இலையைக் கொதிக்க வைத்துக் கறுப்பு, வேரைக் கொதிக்க வைத்துச் சிவப்பு. கட்டும்போதே முழுக் கோலமும் மனதில் இருக்க வேண்டும், காகிதத்தில் வரைபடம் கிடையாது. இடுப்பில் வார் போட்டு இழுக்கும் தறியில் நெய்து முடித்ததும் சோழியால் தேய்த்துத் தேய்த்து மினுக்குவார்கள். கோலம் கனவில் வருகிறது என்பார்கள், அபாக்காவின் தெய்வம் ஃபு டாலு கொடுப்பதாக. நெய்த துணியைக் கத்தரித்தால் நோய் வரும் என்று நம்பிக்கை.

லாங் டுலாய் இதில் பெரிய கை. 1998இல் அரசு விருது கொடுத்தது, 2015இல் மறைந்தார். ஆனால் என்ன விருது? 'மக்களின் படைப்பாளி'. 'தேசியக் கலைஞர்' விருது தனி, அது 1972 முதல் இருக்கிறது. ஓவியர், சிற்பி, இசைக்காரர், சினிமாக்காரர் எல்லாம் அந்த வரிசை. நெசவுக்காரிக்கு 1992இல் சட்டம் போட்டு வேறு வரிசை. இந்தப் பிரிவினையைப் பேசாமல் நாணலைப் பற்றி என்ன விவாதம்?

கோணல்கோடு:
தனி விருது மரியாதைக்குறைவு என்று ஏன் நினைக்கிறீர்கள்? லாங் டுலாய் 'சமகாலக் கலைஞர்' பட்டத்துக்காகத் தறியில் உட்காரவில்லை. அவரைக் கண்காட்சிக் கூடத்துக்கு இழுத்து வந்தால்தான் மதிப்பு என்பதே நகரத்துத் திமிர். அந்த விருதில் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் சேர்ந்து வருகிறது. ஓவியரிடம் அதை யாரும் கேட்பதில்லை.

தறிக்காரன்:
பொறுப்பு இவர்களுக்கு, பெருமை அவர்களுக்கு என்றுதானே ஆகிறது அண்ணே?

மண்வாசி:
இரண்டு வரிசையையும் கலக்கிறவர்களும் இருக்கிறார்கள். கிட்லாட் தாஹிமிக் 2018இல் தேசியக் கலைஞர் ஆனவர், சினிமாக்காரர். 2021இல் ஸ்பெயினின் மாட்ரிட் நகரத்துக் கண்ணாடி மாளிகையில் பெரிய மரச்சிற்பக் காட்சி வைத்தார். ஸ்கர்ட் பறக்க நிற்கும் மர்லின் மன்றோவுக்கு எதிரே மலை மக்களின் காற்றுத் தெய்வம் இன்ஹாபியான். அந்தக் கண்ணாடி மாளிகையே 1887இல் பிலிப்பைன்ஸ் கண்காட்சிக்காகக் கட்டியது. அப்போது மலை மக்களை உயிரோடு கொண்டுவந்து வேடிக்கைப் பொருளாக நிறுத்தினார்கள். இப்போது அதே கூரையின் கீழ் அந்த மலையின் இஃபுகாவ் மக்களின் உளி வேலை. @கோணல்கோடு இங்கே பொருள், கை, இடம் மூன்றும் சேர்ந்து பேசுகிறதா இல்லையா?

கோணல்கோடு:
பேசுகிறது. ஆனால் தலைப்பில் யார் பெயர்?

இலவங்காடு:
இளையவர்களில் சியான் டேரிட் துணியில் எம்பிராய்டரி வரைபடங்கள் செய்கிறார். நிலம் யாரிடமிருந்து யார் கைக்குப் போனது என்பதைத் தைத்துக் காட்டுவது. தைத்தவரின் பெயரையும் படைப்புக் குறிப்பில் போடுகிறார். உங்கள் கேள்விக்கு ஒரு பதில் அது.

பசிட்டா அபாட் வேறு ரகம். கேன்வாஸுக்குள் பஞ்சடைத்துத் தைத்து, மேலே சோழி, பொத்தான், கண்ணாடித் துண்டு என்று பதித்தார். பிறந்தது பட்டானிஸ் தீவில், ஆனால் பல நாட்டு உத்திகளைச் சேர்த்தவர். அவரை 'உள்ளூர்' கணக்கில் சேர்க்க முடியாது, சேர்க்கவும் வேண்டாம்.

வெட்டிப்பேச்சு:
அபாக்கா பற்றி ஒன்று. பிலிப்பைன்ஸ் காகிதப் பணத்தாளிலேயே 20% அபாக்கா நார், மீதி பருத்தி. 2022இல் 1000 பெசோ நோட்டைப் பிளாஸ்டிக் ஆக்கினார்கள், அபாக்கா விவசாயிகள் கொதித்துப் போனார்கள். நாட்டிலேயே அதிகப் பேர் தொட்ட அபாக்கா படைப்பு அதுதான்.

தறிக்காரன்:
@இலவங்காடு பெயர் போடுவது நல்லது. ஆனால் அது விற்றால் தைத்தவருக்குப் பங்கு உண்டா? மறுபடி விற்று விலை பத்து மடங்கு ஏறினால்? அதையும் குறிப்பில் எழுதட்டும்.

கோணல்கோடு:
அப்படிப் பார்த்தால் இழுவை வண்டிக்காரருக்கும் கண்காட்சிக் கூடத்தில் விளக்குப் போட்டவருக்கும் பங்கு கேட்பீர்கள். எங்கே கோடு போடுவது?

தறிக்காரன்:
முடிச்சுப் போட்டவர் வரைக்கும். கோலத்தை மனதில் வைத்துக் கட்டியவரும் வண்டி இழுத்தவரும் ஒன்றா? டினாலக் கோலத்தை மில் துணியில் அச்சடித்துப் பையும் பர்ஸும் விற்கிறார்களே, அவர்கள் சொல்வதும் உங்கள் வாதம்தான். அதற்குத் தனி விவாத இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.