8 மாத மகளைப் பொட்டியில் பழக்க உதவி வேண்டும்

வணக்கம். நாங்கள் ஆரையம்பதியில் இருக்கிறோம். மகளுக்கு 8 மாதம், நன்றாக உட்காருகிறாள். மட்டக்களப்பு வெயிலில் பம்பர்ஸ் கட்டினால் தொடையிடுக்கெல்லாம் சிவந்துவிடுகிறது. அதனால் இப்போதே பொட்டியில் (குழந்தைகள் மலசலம் கழிக்கும் சிறு இருக்கையில்) இருத்திப் பழக்கத் தொடங்கியிருக்கிறேன்.

அவளுடைய அம்மம்மா கால்களை நீட்டி, பாதங்களின் மேல் இருத்தி "உஸ்ஸ்" என்றால் போதும், சலம் போய்விடுகிறாள். பால் குடித்த கையோடு குடலும் அசையத் தொடங்கும் என்பதால் மலத்துக்கும் அதுவே நல்ல நேரம். விளையாட்டை விட்டுவிட்டு, முகம் சிவக்க, அசையாமல் இருப்பாள், கண்டதும் தூக்கிவிடுவோம். ஆனால் பிளாஸ்டிக் பொட்டியில் வைத்தால் முதுகை வில்லாக வளைத்து அழுகிறாள். வற்புறுத்த எனக்கு மனமில்லை. தானாக அடக்கிக்கொள்ளும் பக்குவம் பொதுவாக ஒன்றரை வயதுக்குப் பிறகே வரும். அவசரமில்லை, பழக்கம் விட்டுப்போகாமல் இருந்தால் சரி.

இப்படிப் பழக்கிய தாய்மாரே, காலிலிருந்து பொட்டிக்கு எப்படி மாற்றினீர்கள்? இரவில் என்ன செய்தீர்கள்? நான் வேலைக்குத் திரும்பியதும் பகல் பராமரிப்பு நிலையத்தில் இதைத் தொடரச் சொன்னால் செய்வார்களா? அடி அகன்ற, சரிந்துவிடாத பொட்டி மட்டக்களப்பு நகரில் எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள்.