உகாண்டாவில் குடும்பத்தோடு ஊழியம் செய்தவர்கள் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நாகர்கோவிலிலிருந்து நாங்கள் நான்கு பேர் ஜூன் மாதம் வட உகாண்டாவின் குலு நகருக்குப் போகிறோம். அங்கே ஒரு வேதாகமப் பள்ளியில் என் கணவர் பாடம் எடுப்பார். எங்கள் ஊரில் மிஷனரி என்றால் வட இந்தியாதான். ஆப்பிரிக்கா என்றதும் மாமியார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மஞ்சள் காய்ச்சல் ஊசி, பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட வேண்டும். சின்னவனுக்கு இப்போது 8 மாதம். 9 முடிந்த பிறகுதான் போடுவார்களாம். சரி, காத்திருக்கிறோம். மலேரியாவுக்குக் கைக்குழந்தைகளை எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்? டாக்டரிடமும் கேட்போம். ஆனாலும் அங்கே இருந்தவர்கள் சொன்னால் தைரியமாக இருக்கும்.

பெரிய கவலை மகளைப் பற்றித்தான். ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாள். அங்கே பள்ளி ஆண்டு பிப்ரவரி வாக்கில் தொடங்குவதால் நடுவில்தான் சேர்க்க வேண்டும். வீட்டிலேயே படிக்க வைத்து, பத்தாம் வகுப்பைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுத வைத்தவர்கள் இருக்கிறீர்களா? வெளிநாட்டிலிருந்து தேர்வு எழுதுவது எப்படி?

அப்புறம், தமிழ். வெளியே அந்தப் பகுதி மொழியான அச்சோலி, பள்ளியில் ஆங்கிலம். ஆச்சிக்குத் தமிழில் கடிதம் எழுதும் பழக்கம் அவளுக்கு விட்டுப்போகக் கூடாது. என்ன செய்தீர்கள்?