மெரோபெனெம் போடும்போது வால்ப்ரோயேட் டோஸை ஏற்றினால் போதுமா?

மாத்திரைக்கணக்கு: “வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுப்பவருக்கு மெரோபெனெம் என்ற ஆன்டிபயாடிக் போட நேர்ந்தால் வால்ப்ரோயேட்டை இரண்டு மடங்காக்குங்கள், போதும்” என்று ஐசியூக்காரர் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மூன்று மடங்கு ஏற்றினாலும் இரத்தத்தில் அதன் அளவு எழும்பாது. கல்லீரல் வால்ப்ரோயேட்டோடு குளுக்குரோனிக் அமிலத்தைச் சேர்த்து வெளியே அனுப்பும். அதில் ஒரு பங்கை ஒரு நொதி வெட்டி, மறுபடி வால்ப்ரோயேட்டாக இரத்தத்துக்குத் திருப்பும். மெரோபெனெம் சேர்ந்த கார்பபெனெம் குடும்பம் அந்த நொதியை முடக்குகிறது. அப்புறம் எல்லாம் சிறுநீரில் போகும், நீங்கள் ஏற்றும் கூடுதல் டோஸும் சேர்த்து. ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினால் என்ன?

ஐசியூக்காரன்: பாடம் நடத்தியதற்கு நன்றி வாத்தியாரே. தொற்று உடல் முழுக்கத் தாக்கும் செப்சிஸில், இரத்தப் புரதமான அல்புமின் டெசிலிட்டருக்கு 2 கிராமுக்கும் கீழே இறங்கும். வால்ப்ரோயேட்டில் சுமார் 90 சதவீதம் புரதத்தில் ஒட்டியிருப்பது. அல்புமின் இறங்கினால் மொத்த அளவு குறைந்துதான் தெரியும், வேலை செய்யும் ஒட்டாத பங்கின் அளவு அப்படியே இருக்கும். நீங்கள் வைத்தியம் பார்ப்பது லேப் ரிப்போர்ட்டுக்கு.

மாத்திரைக்கணக்கு: அல்புமின் ஒரே நாளில் கரைந்துவிடுமா? மெரோபெனெம் தொடங்கி 24 மணி நேரத்திலேயே வால்ப்ரோயேட் சரியத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். காலை மாத்திரைக்கு முன் எடுத்த இரத்தத்தில் ஒரு மில்லிக்கு 75 மைக்ரோகிராம் இருந்தது மூன்றாம் நாள் 10-ஐத் தொட்டால், அது அல்புமின் கணக்கில் அடங்காது. டோஸ் ஏற்றினால் எழும்பாது.

நரம்பியல்மாணவி: கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாடிக்கையும் கார்பமசெபின் வலிப்பு மருந்தையும் யாரும் பேசவில்லையே? அங்கே நேர் எதிர். கல்லீரல் நொதி அடைபட்டு கார்பமசெபின் ஏறும். தலைசுற்றல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம். அதே குடும்பத்து அசித்ரோமைசினில் அந்தத் தொல்லை இல்லை.

மாத்திரைக்கணக்கு: சரிதான் அம்மா, ஆனால் இங்கே பேச்சு மெரோபெனெம்.

நரம்பியல்மாணவி: அம்மா கிம்மா வேண்டாம் சார். தினமும் நடக்கிற தவறு நான் சொன்னதுதான்.

கிருமிவேட்டை: மெரோபெனெத்தை விட்டுவிட்டு வேறு ஆன்டிபயாடிக்கான செஃபெபிம் போட்டால் சண்டையே இல்லை.

மாத்திரைக்கணக்கு: சிறுநீரகம் தளர்ந்தவருக்கு டோஸைக் குறைக்காவிட்டால் செஃபெபிம் தேங்கி, அதுவே வலிப்பைக் கொண்டுவரும். பல நேரம் கை கால் உதறாது, வெறித்த பார்வை மட்டும். மூளை மின்பதிவான ஈஈஜி எடுக்காமல் பிடிபடாது. ஆன்டிபயாடிக்கை உடைக்கும் நொதி சுரக்கும் இஎஸ்பிஎல் கிருமி என்றால் செஃபெபிமை நம்பவும் முடியாது.

கிருமிவேட்டை: கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் வருமுன்னே இஎஸ்பிஎல் என்று யார் முடிவு செய்தது? எதற்கெடுத்தாலும் மெரோபெனெம். அதுதான் முதல் தவறு.

ஐசியூக்காரன்: நள்ளிரவில் பிரஷர் இறங்கும்போது கல்ச்சருக்குக் காத்திருங்கள், பார்ப்போம். காய்ச்சல் 103-ல் நிற்கிறது, அதிலேயே வலிப்பு வரும். பழி மட்டும் மெரோபெனெத்துக்கு. டோஸ் ஏற்றி வலிப்பு நின்றதே இல்லையா?

மாத்திரைக்கணக்கு: வலிப்பை உடனே அடக்க கூடவே போட்ட மிடசோலமில் நின்றிருக்கும். கார்பபெனெத்தைத் தவிர்க்க முடியாதென்றால் முதல் டோஸோடேயே லெவெடிரசிடாம் என்ற வேறு வலிப்பு மருந்தைத் தொடங்குங்கள். 500 முதல் 1000 மி.கி., 12 மணிக்கொரு தடவை, சிறுநீரக நிலை காட்டும் கிரியாட்டினின் பார்த்துக் குறைத்து. மெரோபெனெம் நின்ற பிறகும் வால்ப்ரோயேட் பழைய அளவுக்கு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை லெவெடிரசிடாமை எடுக்காதீர்கள். இரண்டு மடங்கு வால்ப்ரோயேட்டை அப்படியே விட்டால், நொதி மீண்டதும் அளவு 100-ஐத் தாண்டும். அம்மோனியா ஏறும், பிளேட்லெட் இறங்கும். உங்கள் யோசனை முதலில் பயன்படாது, பின்னால் கெடுக்கும்.

ஐசியூக்காரன்: இன்னொரு வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயின் அளவுக்கு அல்புமின் திருத்தம் வேண்டும் என்று போன வருடம் என்னோடு இரண்டு நாள் மல்லுக்கட்டியவர் நீங்கள்தானே? அதற்கு அல்புமின் உண்டு, வால்ப்ரோயேட்டுக்கு மட்டும் கிடையாதா?

மாத்திரைக்கணக்கு: கிடையாது என்று நான் எங்கே சொன்னேன்? ஒரே நாளில் அப்படி விழாது என்றேன். ஃபெனிட்டாயினை இழுத்துத் தப்பிக்க வேண்டாம்.

ஐசியூக்காரன்: அல்புமினை அளந்துவிட்டு வாருங்கள்.

மாத்திரைக்கணக்கு: நீங்கள் ஒட்டாத பங்கை அளந்துவிட்டு வாருங்கள். அதுவும் விழுந்திருக்கும். டோஸ் ஏற்றினால் எழும்பாது.

நரம்பியல்மாணவி: கிளாரித்ரோமைசினுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.