கலைச்சொல் வேண்டும்: ஸ்பீக்கர் கோனைச் சுற்றியிருக்கும் ‘சரௌண்ட்’

பாளையங்கோட்டையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பழைய ஹை-ஃபை ஸ்பீக்கர் சீரமைப்புப் பயிற்சிக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. படிக்கப்போவது பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகளும் ஊரில் மைக் செட் வைத்திருப்பவர்களும். கோனுக்குக் கூம்பு, அதை ஆட்டும் வாய்ஸ் காயிலுக்குக் குரல்சுருள் என்று போட்டாயிற்று. இரண்டு சொல் மிச்சம். ஒன்று சரௌண்ட்: கூம்பின் வெளி ஓரத்தை உலோகச் சட்டத்தோடு பிணைக்கும் நெளிந்த வளையம். மற்றது ஸ்பைடர்: கூம்பின் கழுத்தடியில் சுருளை நடுவில் பிடித்து நிறுத்தும் மடிப்புத் துணித்தட்டு.

முதலாவதுதான் அவசரம், கையேட்டில் பாதி அதைப் பற்றியதே. 1954-இல் ஏ.ஆர். (அக்கூஸ்டிக் ரிசர்ச்) கம்பெனியின் ஏ.ஆர்.-1 ஸ்பீக்கர் வந்தபோது அதை வடிவமைத்த எட்கர் வில்ச்சர் செய்தது என்ன? கூம்பை இழுத்துப் பிடிக்கும் வேலையில் பெரும்பகுதியைச் சரௌண்டிடமும் ஸ்பைடரிடமும் இருந்து பிடுங்கி, காற்றுப் புகாமல் அடைத்த பெட்டிக்குள் இருக்கும் காற்றிடம் கொடுத்தார். சின்னப் பெட்டியில் ஆழ்ந்த பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, கிடைத்தது அதனால்தான். ஆனால் அதற்குச் சரௌண்ட் தளர்வாக இருக்க வேண்டும், காற்றும் கசியக் கூடாது. அந்தப் பெட்டிகளின் பெயரே இந்த வளையத்தில்தான் தொங்குகிறது. நல்ல சொல்லாகத் தாருங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

> குரல்சுருள் என்று போட்டாயிற்று

முதலில் இதைத் திருத்துங்கள் தம்பி. கல்+சிலை கற்சிலை ஆவதுபோல் இதுவும் குரற்சுருள். கையேட்டிலேயே புணர்ச்சி பிழைத்தால் பிள்ளைகள் எங்கே போய்ப் படிப்பார்கள்?

சரௌண்டுக்குச் ‘சூழ்வளையம்’. சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் என முக்காலமும் அடங்கிய வினைத்தொகை. மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

தென்காசியிலிருந்து:

மறுப்பு இருக்கு அண்ணாச்சி. கடைக்கு வருகிறவர் “ஃபோம் ரிங் போயிட்டு, மாத்தணும்” என்பார். சூழ்வளையம் என்று எழுதினால் அவர் கையேட்டை மூடிவிடுவார். ‘ரிங்’ என்றே போடுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:

ரிங் என்று போட்டால் எந்த ரிங் என்ற கேள்வி வரும். பாஸ் தரும் பெரிய ஸ்பீக்கரான வூஃபர் ஒன்றிலேயே வட்டமான காந்தம் ஒன்று, சட்டத்தின் மேல் ஒட்டும் அட்டை வளையம் ஒன்று, சிலதில் காந்தத்தின் நடுக்கம்பத்தில் செப்பு வளையம் ஒன்று. ‘பழைய ரிங்கைக் கிழித்து எடுக்கவும்’ என்று எழுதினால் யாராவது காந்தத்தில் உளியை வைப்பார்கள். சூழ்வளையத்துக்கும் இதே கோளாறுதான்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

‘கரை’ என்று வைத்தால் என்ன? வேட்டிக்குக் கரை, சேலைக்குக் கரை, பத்தமடைப் பாய்க்கும் கரை. உடல் ஒரு பொருள், ஓரம் வேறு பொருள், இரண்டும் சேர்ந்தே ஒரு பண்டம். கூம்பு காகிதம், அதன் ஓரம் நுரையோ துணியோ ரப்பரோ. நுரைக்கரை, துணிக்கரை, ரப்பர்க்கரை எனச் சொல் தானாகக் கிளைக்கிறது.

இன்னொன்று. சுருள் உதைக்கும்போது அதிர்வு கூம்பின் உடலில் அலையாக ஓடி ஓரத்துக்கு வருகிறது. அங்கே அதை விழுங்க ஒன்றும் இல்லாவிட்டால் திரும்பி வந்து, புதிதாக வரும் அலையோடு மோதி, நடுச்சுரங்களைக் கெடுக்கும். அலையை வாங்கி அடக்கும் இடத்துக்குக் கரையைவிட வேறென்ன பெயர்?

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அம்மா, அழகுதான். கையேட்டில் இந்த வரி எப்படி வரும் என்று பாருங்கள்: “பழைய கரையைக் கரைப்பான் தொட்டுக் கரைக்கவும்.” நுரை உதிர்ந்துபோனதைச் சொல்ல “கரை கரைந்துவிட்டது” என்பீர்களா? எழுத்துப்பிழையில் ‘நுரைக்கறை’ ஆகிவிட்டால் சோப்பு விளம்பரம்.

ஆனால் ஒன்று தோன்றுகிறது. காகம் கரையும் என்கிறோம். கரைதல் என்றால் ஒலித்தல், அழைத்தல். அப்படியானால் கரை என்பது ஓரம் மட்டுமல்ல, ஒலிக்கும் ஓரம். ஆற்றுக்கு இருமருங்கும் நீர் மோதி இரைவதால்தான் கரை எனப்பட்டதோ? இடுகுறி என்று நினைத்தது காரணப்பெயராகிறது. கரகரப்பும் இந்த வழியில் வந்ததா என்று பார்க்க வேண்டும். சுருள் காந்தத்தில் உரசினால் வருவதும் கரகரப்புத்தானே…

தென்காசியிலிருந்து:

காக்கா இருக்கட்டும் அண்ணாச்சி, வேலையைப் பார்ப்போம். கையேட்டுக்குச் சேர்க்க வேண்டியவை:

நுரை உதிர்வது ஆடியதால் அல்ல, காற்றிலுள்ள ஈரம் பாலியூரித்தேனைச் சிதைப்பதால். பாட்டே போடாமல் பெட்டியில் பூட்டி வைத்தாலும் பொடியாகும். ஏ.ஆர். வூஃபர்களில் முதலில் வந்தவை துணி, பின்னால் வந்தவை நுரை. ஆக, வயது கூடியது பிழைத்திருக்கும், இளையது செத்திருக்கும். 1970-இல் வந்த ஜே.பி.எல். எல்-100 இன்னும் வேடிக்கை: வூஃபரின் ஓரம் மருந்து பூசிய மடிப்புத்துணி, அது நிற்கும், முன்னால் மாட்டிய நுரைப்பலகை மாவாகும். அதைப் பார்த்து ஸ்பீக்கரே போச்சு என்று முடிவுகட்டக் கூடாது.

புது வளையம் வாங்கும்போது ‘12 அங்குலம்’ என்று மட்டும் கேட்டால் தப்பாகத்தான் வரும். அது சட்டத்தின் அளவு. கூம்பின் வெளி விட்டம், நெளிவின் அகலம், சட்டத்தில் ஒட்டும் இடத்தின் விட்டம் மூன்றையும் அளக்கணும். ரொம்ப நாள் உழைக்கும் என்று கெட்டி ரப்பரை ஒட்டினால் வூஃபரின் ஒத்ததிர்வு, அதாவது அது தானாக ஆடும் வேகம், மேலே ஏறும், ஏ.ஆர். போன்ற அடைத்த பெட்டியில் பாஸ் மெலியும். பிறகு பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒட்டும் முறை: நடுமூடியை அறுத்து எடு. குரற்சுருளுக்கும் (ஐயா சொன்னபடியே எழுதிவிட்டேன்) நடுக்கம்பத்துக்கும் இடையில் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் கீற்று நான்கை நாலு திசையில் சொருகு. ஓரத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடை. முதலில் கூம்புப் பக்கம் மட்டும் வெள்ளைப் பசையில் ஒட்டு, காய விடு. அடுத்து சட்டத்தின் பக்கம். உடனே பிடிக்கும் பசை வேண்டாம், கோணினால் நகர்த்த முடியாது. ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு கீற்றை உருவி, 30 ஹெர்ட்ஸ் ஒலியைச் சன்னமாகக் கொடு. உரசல் கேட்டால் நடு பிசகியிருக்கிறது, பிரித்துத் திரும்ப ஒட்டணும். மூடி கடைசியில்.

இவ்வளவுக்கும் ‘ரிங்’ என்ற சொல்லே எனக்குப் போதும்.

திருச்செந்தூரிலிருந்து:

நுரைக்கரை என்றால் எங்கள் ஊரில் கடற்கரைக்குத்தான் வழி காட்டுவார்கள். இருந்தாலும் என் வாக்கு கரைக்கே. ஒரு திருத்தம்: ‘எல்லா ஸ்பீக்கருக்கும் கரை உண்டு’ என்று எழுதிவிடாதீர்கள். 1957-இல் வந்த குவாட் ஈ.எஸ்.எல். ஸ்பீக்கரில் கூம்பும் இல்லை, சுருளும் இல்லை. துளையிட்ட இரு தகடுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய மெல்லிய படலம் மின்புலத்தில் ஆடுகிறது.

ஸ்பைடருக்குச் சிலந்தி என்று மட்டும் போட வேண்டாம். ஆதியில் தகட்டில் கால் கால்களாக வெட்டியிருந்ததால் வந்த பெயர் அது. இப்போது காலும் இல்லை, வலையும் இல்லை. உருண்டை அடிப் பானையை உருளாமல் நிறுத்துவது எது? பிரிமணை. வட்டம், அடியில் இருப்பது, நடுவில் நிறுத்துவது, மூன்றும் பொருந்துகிறது.

போர்ட்டுக்கும், அதாவது பெட்டியில் காற்று போய்வர விடும் துளைக்கும், சொல் கேட்பீர்கள். வில்லுப்பாட்டுக் குடத்தின் வாயில் மட்டை விழும்போது எழும் தாழ்ந்த ஒலி உள்ளே அடைபட்ட காற்றின் ஒலி. ஆல்பர்ட் துராஸ் 1932-இல் காப்புரிமை பெற்ற பாஸ் ரிஃப்ளெக்ஸ் பெட்டியும் அதே காற்றைத்தான் ஆட்டுகிறது. ஆகவே ‘குடவாய்’.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

பிரிமணை அல்ல, புரிமணை. வைக்கோலைப் புரியாக முறுக்கிச் செய்வது. மேலும் அது பாரம் தாங்குவது. ஸ்பைடர் பாரம் தாங்குவதில்லை, விலகியதை இழுத்து இடத்தில் விடுகிறது. ‘மீள்தட்டு’ என்க.

தென்காசியிலிருந்து:

பாரமும் தாங்கத்தான் செய்யுது அண்ணாச்சி. கனமான 12 அங்குலக் கூம்பு வருஷக்கணக்கில் ஒரே நிலையில் நின்றால் ஸ்பைடர் கீழ்ப்பக்கமாகத் தொய்யும். அதனால்தான் பழைய வூஃபரைக் கழற்றினால் தலைகீழாகத் திருப்பி மாட்டச் சொல்வது.

பாளையங்கோட்டையிலிருந்து:

வியாழன் இரவாகிவிட்டது. எண்ணிப் பார்த்ததில் கரைக்கு நான்கு, ரிங்குக்கு இரண்டு, சூழ்வளையத்துக்கு ஒன்று. ‘கரை’ என்றே போகிறது. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘ஃபோம் ரிங் என்று கடையில் சொல்வது’ என ஒரு தொடர் சேர்க்கிறேன். கரைப்பானை எடுத்துவிட்டு ‘ஆல்கஹால்’ என்று நேராகவே எழுதிவிட்டேன். ஸ்பைடர் இந்தப் பதிப்பில் ஸ்பைடராகவே இருக்கும். குடவாய் அடுத்த கையேட்டுக்கு.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் 14-ஆம் பக்கத்தில் இன்னும் ‘குரல்சுருள்’ என்றே இருக்கிறது.