20 எம்பி கோப்பு, 25 எம்பி வரம்பு: மின்னஞ்சல் ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி:
வணக்கம். எங்கள் குடும்பத்தின் பழைய நிலப் பத்திரங்களை ஸ்கேன் செய்து, ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி, ஓர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினேன். கோப்பு 20 எம்பி. அவர்கள் ஏற்கும் வரம்போ 25 எம்பி. ஆயினும் அளவு மிகுதி என்று அஞ்சல் திரும்பிவிட்டது. ஜிப் செய்தும் அளவு குறையவில்லை. காரணத்தை விளக்க இயலுமா?

மறுமொழி 1:
இணைப்பு என்று நாம் சொன்னாலும், கோப்பு தனியாகப் பயணம் செய்வதில்லை. அது எழுத்துகளாக மாற்றப்பட்டு அஞ்சலின் உடலுக்குள்ளேயே செல்கிறது. மின்னஞ்சலைக் கடத்துவதற்காக 1982இல் வகுக்கப்பட்ட எஸ்எம்டிபி நெறிமுறை 7 பிட் ஆஸ்கி எழுத்துகளை, அதாவது ஆங்கில எழுத்துகள், எண்கள், குறிகள் போன்றவற்றை மட்டுமே கடத்தியதால், படமோ ஒலியோ அதில் நேராகச் செல்ல வழியில்லை. நத்தானியேல் போரென்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் 1992இல் வெளியிட்ட மைம் தரம் இதற்குப் பொதுவான தீர்வைத் தந்தது. அதன் பேஸ்64 முறையில் கோப்பின் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்துகளாகிறது. 76 எழுத்துகளுக்குள் வரி முறிக்கப்படுவதால் இன்னும் சற்றுக் கூடுகிறது. ஆகவே உங்கள் 20 எம்பி, வழியில் 27 எம்பியைத் தாண்டியிருக்கும். பெறும் சர்வர் அளப்பது இந்தப் பெருத்த அளவையே. 25 எம்பி வரம்புக்கு 18 எம்பிக்குள் அனுப்புவதே பாதுகாப்பானது. வரம்பை அறிவிக்கும் அலுவலகங்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 2:
ஜிப் பயன்படாததற்குக் காரணம், ஸ்கேன் செய்த பக்கங்கள் பெரும்பாலும் ஜேபெக் போன்ற முறையில் முன்பே சுருக்கப்பட்டிருப்பதுதான். வண்ணத்தை விட்டு, சாம்பல் நிறத்தில் 200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 200 புள்ளிகள்) அளவில் மீண்டும் ஸ்கேன் செய்யுங்கள். ஆனால் முத்திரையும் கையெழுத்தும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பெரிதாக்கிப் பார்த்த பிறகே அனுப்புங்கள். கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி அதன் சுட்டியை (லிங்க்) அனுப்புவதும் ஒரு வழிதான். எனினும் திறக்கும் அனுமதியைத் தர மறந்தால் பெறுபவருக்கு அந்தச் சுட்டி பயன்படாது. சொத்து ஆவணத்தை யார் வேண்டுமானாலும் திறக்கும்படி வைப்பதும் தகாது. இரண்டு அஞ்சல்களாகப் பிரித்து, தலைப்பில் 1/2, 2/2 என்று குறிப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

மறுமொழி 3:
கோப்பின் பெயரையும் கவனியுங்கள். பெறும் செயலி, அஞ்சலுக்குள் இணைப்பைப் பற்றிய விவரம் தாங்கும் வரிகளில் (ஹெடர்) பெயரையும் வகையையும் படித்தே கோப்பை மீட்டெடுக்கிறது. தமிழ்ப் பெயர்களும் அவ்வரிகளில் குறியாக்கப்பட்டே செல்வதால், பழைய செயலிகள் சிலவற்றில் அவை சிதைந்து தெரிகின்றன. அலுவலகத்துக்கு அனுப்பும்போது ஆங்கில எழுத்தில் சுருக்கமாகப் பெயரிட்டு, இறுதியிலுள்ள பிடிஎஃப் என்னும் நீட்டிப்பு மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.